ரோஜா மணக்கும் ரூக்கே: மணம் வேறு, காரம் வேறு

இத்தாலிய உணவகங்களின் மதுப் பட்டியலில் எப்போதாவது 'ரூக்கே' என்றொரு பெயர் கண்ணில் படும். அது ஒரு சிவப்பு ஒயின். கிண்ணத்தை மூக்கருகே கொண்டு போனால் முதலில் வருவது ரோஜா மணம். அதன் பின்னால் மிளகையும் கிராம்பையும் நினைவூட்டும் ஒரு வாசனை எழும். சிவப்பு ஒயினில் இத்தனை வெளிப்படையான பூ மணம் அரிது. இந்த மணத்தைக் காட்டித்தான் விற்பவர்கள் ஒரு சிபாரிசு செய்கிறார்கள். ஆசிய நாடுகளின் மசாலா உணவுக்கு இதைவிடப் பொருத்தமான சிவப்பு ஒயின் கிடையாது என்கிறார்கள்.

இது உண்மையா? உண்மையென்றால் எந்த அளவுக்கு உண்மை? இதற்குப் பதில் காண வேண்டுமானால், அந்த மது எங்கே பிறந்தது, எப்படிப் பிழைத்தது, அதன் மணம் எதனால் ஆனது, நாக்கில் என்ன செய்கிறது என்பனவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. மதுவை அறவே தொடாத வாசகர்கள் பலர் உண்டு. சமய நெறியால் விலக்கியவர்கள் உண்டு. மதுவால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்து வெறுத்தவர்களும் உண்டு. இக்கட்டுரை யாரையும் அருந்தச் சொல்லவில்லை. மணம், புளிப்பு, துவர்ப்பு, காரம் ஆகியவை ஒன்றோடொன்று சேரும்போது என்ன நடக்கிறது என்ற செய்தி, மது வைக்காத மேசைக்கும் பயன்படும்.

ஏழு ஊர்களின் திராட்சை

இத்தாலியின் வடமேற்கு மூலையில் பியெமொந்தே மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரம் துரின். அங்கிருந்து கிழக்கே போனால் ஆஸ்தி நகரம். அதற்கு வடகிழக்கே மொன்ஃபெர்ராத்தோ குன்றுகளின் நடுவே காஸ்தஞோலே மொன்ஃபெர்ராத்தோ என்ற சிற்றூர். ரூக்கேயின் சொந்த ஊர் அதுதான். மதுவின் முழுப் பெயரும் 'ரூக்கே தி காஸ்தஞோலே மொன்ஃபெர்ராத்தோ' என்பதே.

இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ள முடியாது. காஸ்தஞோலே மொன்ஃபெர்ராத்தோ, கிரானா, மொந்தேமாஞோ, போர்த்தகோமாரோ, ரெஃப்ராங்கோரே, ஸ்கூர்சோலெங்கோ, வியாரீஜி ஆகிய ஏழு ஊர்களின் எல்லைக்குள் விளைந்த திராட்சையில் செய்தால்தான் அந்தப் பெயர். இவற்றில் போர்த்தகோமாரோ, மறைந்த போப் பிரான்சிஸின் தந்தைவழி முன்னோர் வாழ்ந்த ஊர்.

மதுவில் குறைந்தது 90 விழுக்காடு ரூக்கே திராட்சையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். மீதி 10 விழுக்காட்டில் பார்பேரா, பிராக்கெத்தோ ஆகிய திராட்சைகளைச் சேர்க்கலாம். 1987ஆம் ஆண்டு இத்தாலிய அரசு இதற்கு 'டி.ஓ.சி.' எனப்படும் பூர்வீகப் பெயர்ப் பாதுகாப்பை வழங்கியது. 2010இல் அதைவிட உயர்ந்த 'டி.ஓ.சி.ஜி.' தகுதி கிடைத்தது. பரோலோ, பார்பரெஸ்கோ போன்ற உலகப் புகழ்பெற்ற ஒயின்கள் பெற்றிருக்கும் தகுதி அது.

ஆனால் அளவில் இது மிகச் சிறியது. ஏழு ஊர்களும் சேர்ந்து ஓராண்டில் தருவது ஏறத்தாழ ஒரு மில்லியன் பாட்டில்கள்தாம். உலகச் சந்தைக்கு அது ஒரு துளி. அந்தத் துளிகூட இல்லாமல் போயிருக்க வேண்டியது என்பதே இதன் வரலாறு.

பங்குத்தந்தையின் தோட்டம்

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் மொன்ஃபெர்ராத்தோ குன்றுகளில் விவசாயம் தேய்ந்துகொண்டிருந்தது. போருக்குப் பின் துரின் நகரத்துத் தொழிற்சாலைகள், குறிப்பாக பியட் கார்த் தொழிற்சாலை, கிராமத்து இளைஞர்களை அழைத்துக்கொண்டன. மாதச் சம்பளம் நிச்சயம் என்ற நிலையில் யார் குன்றேறிக் கொடி கட்டுவார்கள்? ஊரில் தங்கியவர்களும் நிறைய விளைச்சல் தரும் பார்பேராவையே நட்டார்கள். ரூக்கே, மற்றக் கொடிகளுக்கு நடுவே அங்கொரு வரிசை, இங்கொரு வரிசை என்று ஒதுங்கி நின்றது. அந்தப் பழத்தில் வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் இனிப்பு ஒயின் செய்து, திருநாளிலும் விருந்திலும் பரிமாறுவார்கள். விற்பனைச் சரக்காக அதை நினைத்தவர்கள் மிகக் குறைவு.

1964இல் தோன் ஜாக்கோமோ காவுதா என்ற கத்தோலிக்கப் பாதிரியார் காஸ்தஞோலே மொன்ஃபெர்ராத்தோவுக்குப் பங்குத்தந்தையாக வந்தார். பங்குக்குச் சொந்தமாக ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அதில் பார்பேரா, கிரிஞோலினோ கொடிகளுக்கு இடையே சில ரூக்கே கொடிகளும் நின்றன. அவர் விவசாயம் தெரிந்தவர். இந்தப் பழத்தின் மணம் மற்றப் பழங்களுக்கு இல்லை என்பதைக் கண்டுகொண்டார்.

அவர் செய்தது இரண்டே காரியம். ரூக்கே பழத்தை மற்றவற்றோடு கலக்காமல் தனியே பிழிந்து நொதிக்க வைத்தார். இனிப்பு மிஞ்சாமல் முழுமையாக நொதிக்க விட்டு, உணவோடு அருந்தத்தக்க ஒயினாக அதைப் பாட்டிலில் அடைத்தார். பிறகு தோட்டத்தில் ரூக்கேயைப் பெருக்கினார். உழவு இயந்திரத்தைத் தாமே ஓட்டினார். ஒயின் விற்ற பணம் பங்கின் கட்டடங்களுக்குப் போனது. அவருடைய முயற்சியைப் பார்த்து அண்டை விவசாயிகளும் ரூக்கேயை நடத் தொடங்கினார்கள். காவுதா 2008இல் காலமானார். அவர் பண்படுத்திய நிலம் 'விஞா தெல் பாரோக்கோ', அதாவது 'பங்குத்தந்தையின் தோட்டம்' என்ற பெயரில் இன்றும் விளைகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ரூக்கே கொடி அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. இல்லாதது அதற்கென்று ஒரு தனித் தொட்டி. பத்துப் பழத்தோடு பதினோராவதாகக் கலந்துவிட்டால் எந்தப் பழத்தின் குணமும் தெரியாது. குணம் தெரியாத பயிரை யாரும் நடமாட்டார்கள். நடாத பயிர் ஒரு தலைமுறைக்குள் போய்விடும். இத்தாலியில் இன்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மதுத் திராட்சை வகைகள் அரசுப் பதிவேட்டில் உள்ளன. தனித் தொட்டி கிடைக்காமல் பதிவேட்டுக்கே வராமல் அழிந்தவையும் உண்டு.

ஊர்க்கதையும் மரபணுவும்

ரூக்கே என்ற பெயருக்கு ஊரில் பல விளக்கங்கள். புனித ரோக்கோவின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒன்று. செங்குத்தான பாறைச் சரிவைக் குறிக்கும் 'ரோக்கே' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. கொடியைத் தாக்கும் 'ரோன்செ' என்ற நச்சுயிரி நோயைத் தாங்கி நின்றதால் அந்தப் பெயர் என்பாரும் உண்டு. கொடியே பிரான்சின் பர்கண்டி வட்டாரத்திலிருந்து வந்தது என்றும் நெடுநாள் சொல்லி வந்தார்கள்.

2016இல் வெளிவந்த மரபணு ஆய்வு பிறப்பு விவகாரத்தைத் தீர்த்து வைத்தது. ரூக்கேயின் பெற்றோர் இருவரும் வட இத்தாலியத் திராட்சைகளே. ஒன்று குரோவாத்தினா என்ற கருஞ்சிவப்புத் திராட்சை. மற்றொன்று 'பார்மாவின் நறுமண மல்வாசியா' என்ற வெள்ளைத் திராட்சை. இந்த மல்வாசியா இன்று தோட்டங்களிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போய்விட்டது. ஆக, நிறமும் துவர்ப்பும் குரோவாத்தினா வழி வந்தவை என்றும், பூ மணம் மல்வாசியா வழி வந்தது என்றும் கொள்ளலாம். தாய் தந்தையரில் ஒருவர் மறைந்த பின்னும் அவருடைய வாசனையைப் பிள்ளை சுமந்துகொண்டு நிற்பது போன்ற கதை இது.

ரோஜா மணம் எங்கிருந்து வருகிறது?

ஒயினில் யாரும் பூவைப் போடுவதில்லை, பன்னீரும் தெளிப்பதில்லை. மல்வாசியா, மஸ்கட், பிராக்கெத்தோ போன்ற நறுமணத் திராட்சைகளின் தோலில் டெர்பீன் என்ற வகை மணப்பொருள்கள் இயற்கையாகவே நிறைய உண்டு. ஜெரானியோல், லினலூல், சிட்ரொனெல்லோல் என்பவை அவற்றில் சில. இதே ஜெரானியோலும் சிட்ரொனெல்லோலும்தாம் ரோஜா எண்ணெயிலும் முக்கியமானவை. மூக்கு ஏமாறவில்லை, ஒரே பொருளை இரண்டு இடத்தில் அடையாளம் கண்டுகொள்கிறது, அவ்வளவுதான்.

நம் அடுப்பங்கரையோடு இதற்கு உறவு இருக்கிறது. கொத்தமல்லி விதையை இடிக்கும்போது எழும் மணத்தின் பெரும்பகுதி லினலூல். ஏலக்காயிலும் அது கொஞ்சம் உண்டு. செராய் என்று நாம் வாங்கும் எலுமிச்சைப் புல்லின் மணத்துக்குக் காரணமான சிட்ரால், ஜெரானியோலின் நெருங்கிய உறவு. ஆகவே மசாலா உணவுக்கு ரூக்கே பொருந்தும் என்ற பேச்சு வெறும் விளம்பரம் அல்ல. மணத்தின் அளவில் அதற்கு வேதியியல் அடிப்படை இருக்கிறது.

இந்த மணம் மென்மையானது. காற்றும் வெப்பமும் காலமும் அதைக் கரைத்துவிடும். புதிய மரப்பீப்பாயில் நெடுநாள் வைத்தால் மரத்தின் வாசனை பூ வாசனையை மூடிவிடும். எனவே பல தயாரிப்பாளர்கள் ரூக்கேயை எஃகுத் தொட்டியில் வைத்து இளமையிலேயே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். 'ரிசெர்வா' என்று பெயரிட்டு, குறைந்தது 24 மாதம் பக்குவப்படுத்தி விற்கும் வகையும் உண்டு. ஆனால் ரோஜா மணத்துக்காகவே வாங்குபவர்களுக்கு இளம் ஒயின்தான் ஏற்றது.

நாக்கு வைக்கும் நான்கு சோதனைகள்

மணம் பொருந்திவிட்டால் உணவும் பொருந்திவிட்டது என்று பொருளில்லை. மூக்கு ஒப்புக்கொண்டதை நாக்கு மறுத்துவிடலாம்.

முதலாவது, புளிப்பு. உணவு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். ரூக்கேயில் இயல்பிலேயே புளிப்பு குறைவு. ஆகவே புளிக்குழம்பு, அசாம் சமையல், காடி ஊற்றிய ஊறுகாய், தக்காளி மிகுந்த சாறு ஆகியவற்றின் பக்கத்தில் அது உயிரற்றுப் போகும். தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தாவுக்கு, அதே வட்டாரத்தில் விளையும் புளிப்பு மிகுந்த பார்பேராதான் துணை.

இரண்டாவது, துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருள் வாயை உலர்த்தும். கட்டித் தேநீர் குடித்தால் ஏற்படும் உணர்வு அதுதான். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் உப்பும் அந்தத் துவர்ப்பைத் தணிக்கும். ரூக்கேயின் துவர்ப்பு நடுத்தரமானது. அதனால் கோழி, வாத்து, ஆட்டிறைச்சி, முற்றாத பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு எளிதில் இணங்கும்.

மூன்றாவது, இனிப்பு. இனிப்புப் பண்டத்தைக் கடித்துவிட்டு இனிப்பில்லாத ஒயினை அருந்தினால், ஒயின் கசப்பாகவும் மெலிந்தும் தெரியும். ரோஜா மணக்கிறதே என்று நினைத்து, குலாப் ஜாமூனுக்கோ குலா மெலாக்கா ஊற்றிய குயேவுக்கோ ரூக்கேயைத் துணை வைக்கக் கூடாது. மூக்குக்கு இனிப்புப் போலத் தெரிந்தாலும் நாக்கில் அது இனிப்பற்ற மதுவே.

நான்காவது, காரம். பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

காரம் சுவையல்ல, சூடு

ஆங்கிலத்தில் 'ஸ்பைசி' என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள். ஏலக்காய், பட்டை, கிராம்பு மணக்கும் நெய்ச்சோறும் அதே ஸ்பைசிதான். கண்ணில் நீர் வரவைக்கும் சில்லி படி சம்பாலும் அதே ஸ்பைசிதான். ஐரோப்பிய ஒயின் நூல்கள் 'ஸ்பைசி உணவுக்கு ரூக்கே' என்று எழுதும்போது இரண்டில் எதைச் சொல்கின்றன என்று வாசகனுக்கு விளங்காது. நம் மொழியில் இந்தக் குழப்பமே வேண்டியதில்லை. வாசனைப் பொருளுக்கு ஒரு சொல், காரத்துக்கு ஒரு சொல் என்று நம்மவர்கள் என்றோ பிரித்து வைத்துவிட்டார்கள். அந்தப் பிரிவினை சரியானது என்று அறிவியலும் சொல்கிறது.

வாசனைப் பொருளை உணர்வது மூக்கு. காரத்தை உணர்வது மூக்கும் அல்ல, நாக்கின் சுவை மொட்டும் அல்ல. வலியையும் சூட்டையும் உணரும் நரம்பு. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள், அந்த நரம்பில் இருக்கும் 'டி.ஆர்.பி.வி.1' என்ற வாங்கியைத் தூண்டிவிடுகிறது. இந்த வாங்கியை அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் அடையாளம் கண்டது. அப்பணிக்காக அவர் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூடு ஏறத்தாழ 43 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் இந்த வாங்கி இயல்பாக விழித்துக்கொள்ளும். மிளகாய் பட்டால் சூடே இல்லாமல் விழித்துக்கொள்கிறது. அதனால்தான் ஆறிப்போன சம்பாலும் சுடுகிறது.

இப்போது மதுவுக்கு வருவோம். மதுசாரமும் இதே வாங்கியைத்தான் தூண்டுகிறது. அது விழித்துக்கொள்ளும் வெப்பநிலையை மதுசாரம் ஏறத்தாழ 34 பாகைக்கு இறக்கிவிடுகிறது என்று 2002இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் வாயின் வெப்பமே அதற்கு மேல். மது தொண்டையில் எரிவதற்கும், புண்ணில் பட்டால் சுடுவதற்கும் இதுவே காரணம்.

மிளகாய் ஏற்கெனவே தட்டி எழுப்பிவிட்ட வாங்கியின் மேல் மதுசாரம் போய்ச் சேர்ந்தால் எரிச்சல் தணியுமா, கூடுமா? கூடத்தான் செய்யும். ரூக்கேயில் மதுசாரம் குறைவல்ல. சட்டப்படி குறைந்தது 12.5 விழுக்காடு, நடைமுறையில் 14ஐ ஒட்டியும் அதற்கு மேலும் போகிறது. திராட்சை சீக்கிரம் பழுத்துச் சர்க்கரை ஏற்றிக்கொள்ளும் வகை. கோடைகள் வெப்பமாக ஆக ஆகச் சர்க்கரை கூடும், சர்க்கரை கூடினால் மதுசாரமும் கூடும். ஏழு ஊர்களின் விவசாயிகளுக்கு இது இன்று பெரிய கவலை. பழத்தின் மணம் முழுமையடைவதற்கு முன்பே சர்க்கரை ஏறிவிடும் ஆண்டுகளில், எப்போது பறிப்பது என்ற முடிவில்தான் அந்த ஆண்டு மதுவின் தரம் நிற்கிறது.

ஆகவே விற்பவரின் சிபாரிசுக்கு நம் பதில் இதுதான். மணம் மிகுந்த மசாலா உணவுக்கு ரூக்கே பொருந்தும். காரம் மிகுந்த உணவுக்குப் பொருந்தாது. காரம் தின்றுவிட்டால் எரிச்சலைத் தணிப்பது பாலும் தயிருமே. பாலிலுள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றி இழுத்துக்கொள்கிறது. பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி வைத்தவர்கள் காரணம் தெரியாமல் வைக்கவில்லை.

பிறந்த ஊரின் உணவுகள்

ஒரு மதுவை அறிய அது பிறந்த ஊரின் சமையலைப் பார்ப்பது நல்லது. மொன்ஃபெர்ராத்தோவில் விருந்தென்றால் அஞோலொத்தி இல்லாமல் இராது. மாவுத் தாளுக்குள் வறுத்த இறைச்சியை அரைத்து வைத்து மூடிய சிறு பொட்டலம் அது. அதன் மேல் இறைச்சி வறுத்த சாற்றையோ, வெண்ணெயையும் சேஜ் இலையையுமோ ஊற்றுவார்கள். கொழுப்பு உண்டு, உப்பு உண்டு, புளிப்பு இல்லை, காரம் இல்லை. ரூக்கேக்கு இதைவிட நல்ல துணை தேவையில்லை.

வித்தேல்லோ தொன்னாத்தோ என்பது வேகவைத்து ஆறவிட்ட கன்றிறைச்சியின் மேல் சூரை மீன், நெத்திலி, கேப்பர் மொட்டு சேர்த்த வெண்ணிறச் சாற்றைப் பூசிய பண்டம். இதுவும் ரூக்கேயோடு பரிமாறப்படுவதுண்டு. பாலாடைக்கட்டிகளில் ஆட்டுப்பாலில் செய்த 'ரொபியோலா தி ரொக்கவெரானோ' அந்த வட்டாரத்துக்கே உரியது. நீல நரம்போடும் கோர்கொன்சோலாவின் கடும் மணத்துக்கும் ரூக்கே ஈடுகொடுக்கிறது. ஆனால் பூண்டையும் நெத்திலியையும் எண்ணெயில் காய்ச்சி, காய்கறிகளைத் தோய்த்துத் தின்னும் 'பாஞா காவுதா'வுக்கு அந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தேடுவது இளம் பார்பேராவை. எண்ணெயை அறுக்கப் புளிப்பு வேண்டும் என்பது அவர்கள் அனுபவம்.

நம் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அஞோலொத்தியின் உள்ளீட்டில் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, முயல் இறைச்சி ஆகியவை கலந்திருப்பது வழக்கம். உணவகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக் கரு, ஜெலட்டின், மீன் நெட்டியிலிருந்து எடுத்த பசை போன்றவற்றைச் சிலர் பயன்படுத்துவதுண்டு. சைவ உணவினர் 'வீகன்' என்று குறித்த பாட்டிலைக் கேட்டு வாங்கலாம்.

நம் ஊர் மேசையில்

மேலே சொன்ன சோதனைகளை வைத்து வாசகர்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். நெய்ச்சோறும், மிளகாய் குறைத்துத் தேங்காய்ப் பாலும் முந்திரியும் சேர்த்த குருமாவும் தேறும். தயிர்ப் பச்சடியோடு வரும் காரமில்லாத பிரியாணி தேறும். சீனர்கள் ஐந்து வாசனைப் பொடி தடவிச் சுடும் வாத்து நன்றாகத் தேறும். கொத்தமல்லியும் சோம்பும் தூக்கலாக உள்ள சத்தே தேறும். ஆனால் காரமான கடலைக் குழம்பைத் தள்ளி வைக்க வேண்டும்.

மீன் தலைக் கறி தேறாது. அதில் புளியும் காரமும் சேர்ந்தே இருக்கின்றன. சம்பால் இறால் தேறாது. அசாம் லக்சா தேறாது. ஆவியில் வேகவைத்த வெள்ளை மீனும் தேறாது. அதில் காரமோ புளியோ கிடையாது. ஆனால் ரூக்கேயின் மணம் மீனின் மெல்லிய சுவையை விழுங்கிவிடும். வலிய மணத்துக்கு எதிரே ஈடுகொடுக்கும் மணம் வேண்டும்.

வாங்குவோர் கவனத்துக்கு

பாட்டிலின் முகப்பில் 'ரூக்கே தி காஸ்தஞோலே மொன்ஃபெர்ராத்தோ' என்ற முழுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் மேல் எண்ணிட்ட அரசு முத்திரைத் தாள் ஒட்டியிருக்க வேண்டும். டி.ஓ.சி.ஜி. ஒயினுக்கு அது கட்டாயம். அந்தத் தாள் இருந்தால், ஏழு ஊர்களில் விளைந்த பழத்துக்குரிய பணம் அந்த ஏழு ஊர்களுக்குப் போய்ச் சேருகிறது என்று நம்பலாம்.

ஒத்த மணமுள்ள வேறு இரண்டு இத்தாலிய ஒயின்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'லாக்ரிமா தி மோரோ தால்பா' என்பதும் ரோஜா மணக்கும் சிவப்பு ஒயின்தான். ஆனால் அது அத்ரியாத்திக் கடலோர மார்க்கே மாநிலத்தைச் சேர்ந்தது; பியெமொந்தேயின் ஆல்பா நகரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. லாக்ரிமா என்றால் கண்ணீர்த்துளி. பழுத்ததும் தோல் வெடித்துச் சாறு கசிவதால் வந்த பெயர் என்பார்கள். மற்றொன்று 'பிராக்கெத்தோ தாக்வி'. அது பியெமொந்தேயைச் சேர்ந்ததே. ஆனால் இனிப்பானது, பெரும்பாலும் நுரைப்பது. இனிப்புப் பண்டத்துக்கு ரோஜா மணக்கும் ஒயின் வேண்டுமென்றால் அதுவே பொருத்தம்.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற பழைய விதி, குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளுக்காக எழுந்தது. நம் வீட்டு அறை 30 பாகையை நெருங்குகிறது. அந்தச் சூட்டில் மணத்தை முந்திக்கொண்டு மதுசாரமே மூக்கில் ஏறும். குளிர்ப்பெட்டியில் சிறிது நேரம் வைத்து, 16 பாகை அளவில் எடுத்தால் ரோஜா மணம் தெளிவாகத் தெரியும்.

அளவு பற்றி

பேசாமல் விடக் கூடாத கணக்கு ஒன்று இருக்கிறது. 14 விழுக்காடு மதுசாரமுள்ள 750 மில்லிலிட்டர் பாட்டிலில் ஏறத்தாழ 83 கிராம் தூய மதுசாரம் உள்ளது. 125 மில்லிலிட்டர் கொண்ட ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 14 கிராம். பூ மணக்கும் மது என்பதால் இந்தக் கணக்கு குறைந்துவிடாது. மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே சேர்த்துவிட்டது. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதென்று கூற முடியாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாக அறிவித்தது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று நண்பர்கள் சொல்வதை நம்பி யாரும் தொடங்க வேண்டாம். அருந்தியவர் வாகனம் ஓட்டக் கூடாது. கர்ப்பிணிகளும் மருந்து உட்கொள்பவர்களும் தொடவே கூடாது.

முடிவாக

ஓர் அரிய பொருள் தூர தேசத்துக்குப் போகும்போது அதனுடன் ஒரு விளம்பர வாசகமும் போகிறது. வாசகம் பாதி உண்மையாக இருக்கும். மீதிப் பாதியை வாங்குபவர்தான் தேட வேண்டும். ரூக்கே மசாலா உணவுக்கு ஏற்றது என்பது அப்படியொரு பாதி உண்மை. வாசனை வரைக்கும் சரி. மிளகாய் வந்தவுடன் தவறு.

ரூக்கே பிழைத்ததும் இதே வகையான பகுத்தறிவால்தான். எல்லாத் திராட்சையும் ஒன்றுதான் என்று ஒரே தொட்டியில் கொட்டியிருந்தால் அது இன்று இல்லை. இது வேறு, அது வேறு என்று ஒருவர் பிரித்துப் பார்த்தார். ஏழு ஊர்களுக்கு ஒரு பிழைப்பு கிடைத்தது. நம் மேசையிலும் நாம் செய்ய வேண்டியது அதுதான். மணத்தையும் காரத்தையும் பிரித்துப் பார்த்தால், எந்த உணவுக்கு எது துணை என்பது அவரவர் நாக்குக்கே விளங்கிவிடும். கிண்ணத்தில் இருப்பது ஒயினாக இருந்தாலும் சரி, மோராக இருந்தாலும் சரி.